லே கெட்டி

சபையாருக்கு ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிக்கிறேன். என் பெயர் கிறிஸ்டீனா. அம்பிட்டியவில், பாதையில் இருந்து படியேறி வருகிற மேல் வீட்டில் இருக்கிறோம். என் கணவர் தங்கராஜ் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பைப் பகுதியில் வேலை செய்கிறார். அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜெபக்கூட்டத்தில் அடுத்தவர் ஜெபம் பண்ணும்போது நடுவில் திருத்தம் சொல்கிற மனுசன் அவர்தான்.

இந்த மனுசன் கொரோனாவில் சாகவில்லை. கொரோனா முடிந்து, சுகம் என்று சொல்லி அனுப்பிய பிறகு, வீட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டு சாகப் பார்த்தார். அதுவும் பெருமையோடு. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரத்து இருபத்தோராம் ஆண்டு, நாடு மறுபடியும் மூடிக் கிடந்த நேரம் அது. கடையில் யாரிடமோ தொற்றி, இவர் காய்ச்சலோடு வந்தார். மூச்சுத் திணறல் வந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒட்சிசன் வைத்தார்கள். நான் பார்க்கப் போக முடியாது, பேச முடியாது. கேற்றுக்கு வெளியே நின்று அழுதுவிட்டு வருவேன். ஆண்டவர் கிருபையால் அந்தக் கண்டத்தில் தப்பினார். வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் கேற்றில் காத்து நின்றேன். உள்ளே டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரையை எப்படிப் போடச் சொன்னார் என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. எல்லாவற்றையும் கேட்டு வந்தது இவர்தான். அங்கேதான் பிழை நடந்தது.

இவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்று இவருடைய எண்ணம். கடையில் நாள் முழுக்கச் சிங்களத்தில்தான் வியாபாரம். ஒன்றரை அங்குலப் பைப்பும் எல்போவும் கேட்டால் இவரை அடிக்க ஆளில்லை. ஆனால் டாக்டர் பேசுகிற சிங்களம் பைப் கடைச் சிங்களமா? வாடகை வானில் ஏறி உட்கார்ந்ததும் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு இவர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்.

"கிறிஸ்டி, என் ரத்தம் கெட்டியாம். டாக்டரே சொல்லிட்டாரு. லே கெட்டின்னாரு."

"அப்படின்னா என்னங்க?"

"என்னங்கவா? கெட்டின்னா கெட்டிதான். லேன்னா ரத்தம். இவ்வளவு பெரிய வருத்தம் வந்தும் நான் எப்படிப் பொழச்சேன்னு நெனைக்கிற?"

நீங்களே சொல்லுங்கள். நம்மிடம் கெட்டி என்றால் நல்ல வார்த்தை. கெட்டிப் பால், கெட்டித் தயிர், கெட்டிக்காரப் பிள்ளை. தண்ணி என்றால்தான் ஆகாத வார்த்தை. ஆகவே என் கணவருடைய இரத்தம் கெட்டி என்று ஒரு டாக்டர் சொன்னதாகக் கேட்டதும், நானும் ஸ்தோத்திரம் என்றேன். வானை ஓட்டி வந்த தம்பியும் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தால் மாத்திரை அட்டைகள். இது எதற்கு என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இது வயிற்றுக்கு, இது இருமலுக்கு. கடைசி அட்டையைத் தனியாக அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தார்.

"அது?"

"அது ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரையாம். எனக்குத் தேவையில்ல."

"தேவையில்லாமலா குடுப்பாங்க?"

"எல்லாருக்கும் பொதுவா குடுக்குறது. கெட்டியா இருக்கிற ரத்தத்தை எவனாவது தண்ணியாக்குவானா? பால்ல தண்ணி ஊத்துற கத மாதிரி இருக்கு."

நான் சண்டை போட்டேன். போடாமல் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடந்து வாடி வந்த மனுசனோடு எவ்வளவுதான் சண்டை போடுவது? ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். அந்த நேரத்தில் யார் தூக்குவார்கள்? அடித்து அடித்துத் தானாக நின்றுவிடும். இவர் தன் கெட்டி இரத்தத்தைப் போனில் ஊரெல்லாம் பரப்பிக்கொண்டு இருந்தார். கடை முதலாளிக்குச் சொன்னார். ஹந்தானையில் இருக்கிற தன் சிநேகிதருக்குச் சொன்னார். புசல்லாவையில் இருக்கிற தங்கைக்குச் சொன்னார். என் நாத்தனாரைப் பற்றி நான் ஒன்றும் குறையாகச் சொல்லப் போவதில்லை. அவள் போனை வைத்தால்தானே குறை சொல்ல நேரம் கிடைக்கும்.

கொஞ்ச நாளில் இவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கட்டிலில் இருந்து பாத்ரூம் வரைக்கும் போய் வந்தாலே கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வலது கால் கெண்டைச் சதை வீங்கி, தொட்டால் சுட்டது. மற்றக் கால் சாதாரணமாக இருந்தது. நான் காட்டினேன்.

"படுத்துக் கெடந்த காலு. அப்படித்தான் இருக்கும்" என்றார்.

"ரெண்டு காலும்தானே படுத்துக் கெடந்துச்சு?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நாத்தனாருக்குச் சொன்னேன். "அண்ணி, அது நெஞ்சுச் சளி. கொத்தமல்லியும் வெனிவெல் கட்டையும் போட்டு அவிச்சுக் குடுங்க. காலுக்குத் தைலம் போட்டுத் தேய்ச்சு விடுங்க" என்றாள். நம் ஆட்களுக்கு நெஞ்சுக்குள் சளியைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை போலிருக்கிறது. இருமினால் சளி, மூச்சு முட்டினால் சளி, நெஞ்சு குத்தினாலும் சளி. இவர் கசாயத்தைக் குடித்தார். சளி என்று ஒரு துளி வெளியே வரவில்லை. மூச்சை இழுத்தால் விலாவுக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லவே இரண்டு முறை நிறுத்தினார்.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காலைவிட, இருமலைவிட அதுதான். கல்யாணம் கட்டிய நாள் முதல் இந்த மனுசன் எந்த வாக்குவாதத்தையும் பாதியில் விட்டதில்லை. இப்போது ஒரு பேச்சை ஆரம்பித்து அரைவாசியில் விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தார். நான் வெல்கிறேன். வீட்டில் முதல் தடவையாக நான் வெல்கிறேன். எனக்கு அது வேண்டாம்.

பாஸ்டருக்குப் போன் எடுத்தேன். நல்ல மனுசன், போனிலேயே நீளமாக ஜெபித்தார். கடைசியில் சொன்னார்: "சிஸ்டர், நீங்க ரொம்பப் பதறுறீங்க. ஆண்டவர்கிட்டச் சமாதானத்தைக் கேளுங்க. அவர் தருவாரு." சபை வாட்சப் குரூப்பில் எல்லாரும் கைகூப்பிய படம் போட்டார்கள். சமாதானமாக இருங்கள் சிஸ்டர், அமைதியாக இருங்கள் சிஸ்டர். இதை எழுதியவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருத்தராவது, அந்தக் காலைக் கொண்டுபோய்க் காட்டினீர்களா சிஸ்டர் என்று கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை, குசினியில் சோறு வைத்துக்கொண்டு இருந்தேன். இவர் இருமுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வாயைத் துடைத்த கைலேஞ்சியை மடித்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நான் விடுவேனா? பிடுங்கிப் பார்த்தேன். இரத்தம். ஒரு கீற்றுத்தான், ஆனால் இரத்தம்.

"இது என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ரத்தம்... கூடிப்போச்சு. அதான்... வெளிய வருது."

கேட்டீர்களா? கூடிப்போயிற்றாம். கைலேஞ்சியில் இரத்தத்தை வைத்துக்கொண்டு அந்த நேரத்திலும் பெருமை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனுசனை என்ன செய்வேனோ என்று எனக்கே பயம் வந்தது. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தி, தரையில் முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, பாஸ்டர் சொன்னபடி கேக்குறேன். எனக்குச் சமாதானத்தைத் தாங்க. இந்த ஆள்கூட என்னால முடியல. நான் பைத்தியமாப் போறதுக்கு முந்தி என் மனச அமைதியாக்குங்க." இதுதான் என் ஜெபம். அழகான ஜெபம் இல்லை. கண்ணீரோடு, உண்மையாகக் கேட்டேன். பிறகு காத்திருந்தேன்.

சமாதானம் வரவில்லை.

கொஞ்சம்கூட வரவில்லை. மற்றவர்களுடைய சாட்சியில் எல்லாம், ஜெபித்து முடித்ததும் இருதயத்தில் ஒரு குளிர்ச்சி இறங்கியது என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் ஏறியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. முழங்கால் தரையில் நிற்கவில்லை. யாரோ பின்னால் நின்று எழும்பு எழும்பு என்று தள்ளுகிற மாதிரி இருந்தது. எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. உங்களிடம் இதைக்கூடக் கேட்கக் கூடாதா என்று சொல்லிவிட்டு எழும்பினேன். காஸ் அடுப்பை நிற்பாட்டினேன். அரிசி பாதிதான் வெந்திருந்தது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். எங்கே போகிறேன் என்று ஒரு திட்டமும் இல்லை. யாரிடமாவது கத்த வேண்டும், அவ்வளவுதான்.

கீழ் வீட்டில் மாலினி அக்கா இருக்கிறார். சிங்களக் குடும்பம், நல்ல மனுசர். வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் "மொக்கத நங்கி?" என்று கேட்டார். என்ன தங்கச்சி என்று கேட்டதுதான் தாமதம், எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுசன் மூச்சு இழுக்க முடியாமல் கிடக்கிறார், இரத்தம் துப்புகிறார், மாத்திரை போடமாட்டேன் என்கிறார், கேட்டால் டாக்டர் சொன்னாராம் என்று பெருமை பேசுகிறார். "லே கெட்டிலு அக்கே! லே கெட்டிலு!" என்று இவர் சொல்கிற மாதிரியே நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

மாலினி அக்காவின் கையில் இருந்த துணி நழுவி விழுந்தது.

"லே கெட்டி? லே கெட்டி கெஹிலாத?"

"ஓவ், ஓவ். கெட்டிலு." ஆமாம், கெட்டியாம் என்று தலையாட்டினேன்.

"தெய்யனே! நங்கி, அது நல்லது இல்ல!" அவருக்குத் தெரிந்த தமிழுக்குத் தாவினார். "கெட்டி, ஒங்கட தமிழ் கெட்டி இல்ல. ரத்தம் கட்டி கட்டியாப் போறது. தயிர் மாதிரி ஒறையிறது. எங்கட மாமாக்கும் காலுல வந்தது. நெஞ்சுக்குப் போனா ஆள் முடிஞ்சிது. அந்த பெஹெத் குடிக்கிறதுதானே?"

பெஹெத் என்றால் மருந்து. அந்த மருந்து அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கிறது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. டாக்டர் இந்த மனுசனிடம், உன் இரத்தம் உறைந்து கட்டியாகக்கூடும், கவனம் என்று சொல்லியிருக்கிறார். இந்த மனுசன் அதைப் பாராட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டு வந்து, ஊரெல்லாம் சொல்லி, காக்க வந்த மாத்திரையை அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். அழுவதா சிரிப்பதா? நான் இரண்டும் செய்யவில்லை. மாலினி அக்கா ஆம்புலன்சுக்குப் போன் எடுக்கும்போதே நான் படியேறி ஓடினேன்.

"எழும்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நான் வரல."

"லே கெட்டின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ரத்தம் கட்டியாப் போறதாம்! சாகுற வருத்தமாம்! பெருமையா பேசுறீங்க பெரும!"

அம்பிட்டிய முழுக்கக் கேட்டிருக்கும். இவர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், எதிர்த்துத்தான் பேச வந்தார். "நீ என்ன..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை முயற்சி பண்ணினார். மூச்சு வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பயத்தைக் கண்டேன். கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். என் கோபம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஒண்ணுமில்லங்க. நான் இருக்கேன். பேசாதீங்க" என்றேன். பேசாதீங்க என்று நான் சொன்னதும் அவர் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மாலினி அக்காவின் வீட்டுக்காரரும் ஆம்புலன்ஸ் பிள்ளைகளும் இவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துப் படி வழியாகத் தூக்கி இறக்கினார்கள். வழியில் ஒட்சிசன் வைத்தார்கள். விரலில் மாட்டுகிற மீற்றரைப் பார்த்த பிள்ளை டிரைவரைத் தட்டி வேகமாகப் போகச் சொன்னது. நான் பின்னால் உட்கார்ந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நான் வெளியே ஒரு சுவரோரம் நின்றேன். ஜெபம் வரவில்லை. ஆண்டவரே, இந்த மனுசன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர என் வாயில் வேறு ஜெபம் இல்லை.

ஒரு லேடி டாக்டர் வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இந்தக் கிருமி நுரையீரலை மட்டும் பிடிக்கிறது இல்லையாம். இரத்தக் குழாயின் உள்பக்கத் தோலையும் புண்ணாக்குமாம். புண்ணான இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகுமாம். படுத்தே கிடந்ததும் சேர்ந்து, காலில் ஒரு கட்டி உருவாகி, அதில் ஒரு துண்டு உடைந்து மேலே போய் நுரையீரலுக்குப் போகிற குழாயை அடைத்திருக்கிறது. "காத்து உள்ளுக்குப் போகுது அம்மா. ஆனா அந்தக் காத்த எடுக்க ரத்தம் அங்க போக வழியில்ல" என்றார். அதனால்தான் கசாயம் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே சளியே இல்லை. காலைத் தேய்த்தீர்களா என்று கேட்டார். நல்ல காலம், தைலப் போத்தல் முடிந்திருந்தது, கடை எல்லாம் பூட்டு என்று சொன்னேன். டாக்டர் தன் நெஞ்சில் கை வைத்தார். தேய்த்திருந்தால் மிச்சமும் உடைந்து போயிருக்கலாமாம்.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா கஷ்டம். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க" என்றார்.

சரியான நேரம். அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. குசினியில் நான் கேட்டதைக் கேட்டபடியே ஆண்டவர் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எனக்குச் சமாதானம் வந்திருக்கும். சோற்றை வடித்திருப்பேன். இன்னொரு கசாயம் வைத்திருப்பேன். இவர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து பாட்டுப் பாடியிருப்பேன். சாயந்தரம் பிரேதத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆண்டவர் கொடுக்கவில்லை. நான் கேட்டது என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தேவை என்ன என்றும் தெரியும். கோபத்தைக் கொடுத்து என்னைக் குசினியை விட்டுத் துரத்தினார். அந்தக் கீழ் வீட்டு வேலியில், அந்த நேரத்தில், அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிந்த ஒருத்தரை நிறுத்தி வைத்திருந்தார்.

இரத்தம் மேலும் உறையாமல் இருக்க இவருக்கு வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள். நாளுக்கு நாள் மூச்சு திரும்பி வந்தது. அந்த வார்ட்டில் இருந்து எனக்கு முதல் போன் வந்தபோது, "கிறிஸ்டி, இங்க சோறு சரியில்ல. உப்பே போட மாட்டேங்கிறாங்க. நான் சொன்னா அந்த நர்ஸ் நோனா கேக்குறா இல்ல" என்று ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் நிறுத்தவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். சோற்றுக்காகவா அழுகிறாய் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு பல மாதம் அந்த மாத்திரையை நானே கையில் கொடுத்து, விழுங்கியதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கிளினிக்குக்குக் கூடவே போனேன். எந்த டாக்டர் எதைச் சொன்னாலும், தமிழில் சொல்லுங்கள், இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்பேன். அலுத்துப் போவார்கள். போகட்டும். இவர் இப்போது திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போது இவரே டாக்டர். கடைக்குப் பைப் வாங்க வருகிறவனை நிறுத்தி வைத்து, இந்தா பார், குழாய்க்குள் சொரசொரப்பாக இருந்தால் ஊத்தை பிடிக்கும், மனுசன் குழாயும் அப்படித்தான், கொரோனா அதைத்தான் செய்கிறது என்று விளக்கம் கொடுக்கிறார். கெட்டி என்ற வார்த்தையை மட்டும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. தயிரைக்கூட நாங்கள் இறுக்கமான தயிர் என்றுதான் சொல்கிறோம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இந்த வருத்தம் வந்து எழும்பியபின் மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால், நெஞ்சு குத்தினால், சளி என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். கொடுத்த மருந்து எதற்கு என்று விளங்கும்வரை கேளுங்கள். ஜெபியுங்கள், கட்டாயம் ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். ஆனால் ஜெபித்தும் மனசு அடங்கவில்லை என்றால், விசுவாசம் குறைவு என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். எழும்புங்கள். செருப்பைப் போடுங்கள். அந்தப் பதற்றமே பதிலாக இருக்கலாம்.

இதைச் சொல்ல எழும்புவதற்கு முன்னால் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, முடிக்கும்போது, இப்போது எனக்குப் பூரண சமாதானம் கிடைத்திருக்கிறது என்று சொல்லி முடியுங்கள் சிஸ்டர் என்றார். பாஸ்டர், என்னை மன்னிக்க வேண்டும். பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது. அதோ, இந்த மனுசன் மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்துகொண்டு, நான் சொன்னதில் நாலு இடம் பிழை என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு இருக்கிறார். மனுசன் உயிரோடு இருக்கிறார். எனக்கு எங்கே சமாதானம்? ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.